தண்ணி வடியற வரைக்கும்

— அந்தக் கல்லு வேண்டாம் அண்ணி. பச்சையா இருக்கு பாருங்க, பாசி. பக்கத்துல காஞ்ச கல்லு இருக்கே, அதுல வைங்க. முதல்ல குச்சியை ஊனுங்க, அப்புறம் காலு.

— அடேங்கப்பா! சம்பந்தி, வனத்துறை கேட்டைத் தாண்டினதிலிருந்து நீங்க சொன்ன ‘வேண்டாம்’ எல்லாத்தையும் மூட்டை கட்டினா என் பையில இடம் பத்தாது. குறுக்கு வழி வேண்டாம், ஈர இலை மேல மிதிக்க வேண்டாம், தெரியாத செடியைத் தொட வேண்டாம். கணுக்கால்கூட நனையாத ஓடை இது. இதைத் தாண்ட இவ்வளவு பாடமா?

— இன்னும் ஒரே கல்லுதான். ம், கையைக் குடுங்க. வந்தாச்சு.

— ரைட்! ரெண்டு டிக்கெட்டும் பத்திரமா இறங்கியாச்சு.

— ரிட்டயர் ஆகியும் நீங்க பஸ்ஸை விட்டு இறங்கலையே அண்ணி.

— எப்படி இறங்கறது? பாதி ஆயுசு அந்தப் படிக்கட்டுலதான் நின்னேன். பொம்பளை கண்டக்டரான்னு சிரிச்சவனெல்லாம் அப்புறம் நான் ‘உள்ள போ’ன்னா உள்ள போனான். நீங்க மட்டும் என்னவாம்? கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து அவசர போன் எடுத்து எடுத்துக் காது தேஞ்சவங்க. தீ, விபத்து, பிரசவ வலின்னு ஊர்ல நடந்த கெட்டதெல்லாம் உங்க காது வழியாத்தான் போச்சு. அதான் எங்க பார்த்தாலும் உங்களுக்கு ஆபத்தாத் தெரியுது.

— இருக்கலாம். ஆனா மலைக்குப் போய் மாட்டிக்கிட்டவங்க போன் பண்ணினா முதல்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா? ‘கொஞ்சூண்டு தண்ணிதான் மேடம் இருந்துச்சு’ம்பாங்க.

— சரி சரி, வயித்துல புளியைக் கரைக்காதீங்க. நடங்க. எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க. நான் பேசறது எனக்கே கத்தற மாதிரி கேக்குது.

— நீங்க கத்திக்கிட்டுத்தான் இருக்கீங்க.

— பின்சீட்டுக்குக் கேக்கணும்னு பேசிப் பழகின தொண்டை சம்பந்தி. இனிமேல்பட்டு இதைக் குறைக்க முடியாது. ஆமா, கழுத்துல என்ன அது? தாயத்தா?

— விசில். வழி தவறினா மூணு தடவை ஊதணும். கேட்ல இருந்தாரே கார்டு, அவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தேன். சாயங்காலத்துக்குள்ள நாங்க திரும்பலன்னா ஓடை வரைக்கும் வந்து பாருங்கன்னு.

— அவர் உங்களை ஒரு மாதிரியாப் பார்த்தாரே, அதுக்குத்தானா?

— பார்க்கட்டும். என் போன்ல சிக்னல் போயிடுச்சு. உங்களுக்கு இருக்கா?

— எனக்குக் கேட்டைத் தாண்டினதுமே போயிடுச்சு. நல்லதுதான், விடுங்க. இன்னிக்கு ஒருநாள் யாரும் நம்மளைக் கூப்பிட வேண்டாம். நம்ம பிள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நாம ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசினதே இல்லையே. வந்தா ‘வாங்க’, போனா ‘போயிட்டு வாங்க’. அவ்வளவுதான்.

— நீங்க கூப்பிட்டதும் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அருவிக்குப் போலாமா சம்பந்தின்னு திடீர்னு!

— என் ரூட்ல ஒரு ஸ்டாப்பிங் சம்பந்தி இது. ‘அருவி இறங்கு, அருவி இறங்கு’ன்னு தினம் கத்துவேன். சனமெல்லாம் துண்டும் சோப்புமா சிரிச்சுக்கிட்டே இறங்கும். நான் ரைட் சொல்லிட்டுப் போயிடுவேன். ஒரு நாளும் நான் இறங்கிப் பார்த்ததில்ல.

— நிஜமாவா? ஒரு தடவைகூடவா?

— லீவு நாள்ல யாருக்காவது தான் வேலை பார்த்த இடத்துக்குப் போகத் தோணுமா? ... ஒரு நிமிஷம். அது என்ன சத்தம்? காத்தா?

— காத்து இல்ல அண்ணி. அந்த வளைவைத் தாண்டுங்க. மெதுவா. கிளையைப் பிடிக்காதீங்க, பட்டுப்போன கிளை அது.

— ஐயோ!

— என்ன ஆச்சு? வழுக்கிடுச்சா?

— இல்ல சம்பந்தி. பாருங்களேன்! வானத்திலிருந்து யாரோ வேட்டியை உதறிக் காயப்போட்ட மாதிரி இல்ல? இத்தனை வருஷம் இதுக்குப் பக்கத்துல போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருந்திருக்கேனே, பாவி!

— இங்க உக்காந்துக்கலாம். இந்தப் பாறை வரைக்கும் சாரல் வருது பாருங்க.

— உக்காரவா வந்தேன்? நேரா அடியில போய்த் தலையைக் குடுக்கப் போறேன்.

— வேண்டாம். தண்ணியோட சேர்ந்து கல்லும் விழும். கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஓரத்துல, அந்தத் தேங்கின தண்ணியில காலை நனைச்சுக்கோங்க, போதும்.

— உங்களை வச்சுக்கிட்டு ஒருத்தி சந்தோஷமா சாகக்கூட முடியாது.

— சாகறதுக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு தூரம் நடக்கணும்? இந்தாங்க, முட்டை அவிச்சுக் கொண்டுவந்திருக்கேன். ரொட்டியும் இருக்கு. சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— நானும் சொல்லணும். அதுக்குத்தான் கூட்டிட்டு வந்ததே. முதல்ல நான் சொல்லிடறேன். இல்லன்னா தொண்டையில முட்டை இறங்காது.

— சொல்லுங்க.

— பாப்பா, உங்க மருமக, எங்கிட்டதான் இருக்கா. ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்கான்னு மாப்பிள்ளை உங்ககிட்ட சொல்லியிருப்பாரு. அதெல்லாம் இல்ல. பையைத் தூக்கிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறா. என்னடின்னு கேட்டா ‘ஒத்துவரலம்மா’ங்கிறா. ஒத்துவரலன்னா? அது என்ன கடையில வாங்கின சட்டையா, அளவு சரியில்லன்னு திருப்பிக் குடுக்க?

— அண்ணி...

— இருங்க, முடிச்சுடறேன். நீங்க அவளை எப்படி வச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். காய்ச்சல்னு படுத்தா கஞ்சி வச்சுக் குடுத்த மாமியாரை விட்டுட்டு வர்றான்னா அவளுக்கு எவ்வளவு திமிரு இருக்கணும்? என் வளர்ப்புத்தான் சரியில்ல. மன்னிச்சுக்கோங்க.

— மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க, தயவுசெஞ்சு. வேற என்ன சொன்னா?

— ஒண்ணும் சொல்லல. அதான் எனக்கு ஆத்திரம். எல்லாத்துக்கும் ‘ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா’. மாப்பிள்ளை குடிக்கிறாரா? இல்ல. வேற பொண்ணா? இல்ல. சம்பளத்தைத் தொலைக்கிறாரா? அதுவும் இல்ல. அப்புறம் என்னடி உனக்கு? அந்த மனுஷன் குரலை உசத்திப் பேசி நானே கேட்டதில்ல. இவ அப்பாவோட நான் குடித்தனம் பண்ணலையா? அவரு என்ன சொக்கத்தங்கமா? காலையில கன்னம் வீங்கியிருந்தா பவுடரைப் போட்டுக்கிட்டு டூட்டிக்குப் போயிடுவேன். படிக்கட்டுல இடிச்சுக்கிட்டேன்னு சொல்லுவேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில பார்ப்பாரு, ஒண்ணும் கேக்க மாட்டாரு. நான் தாங்கல? நான் யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்கலையே.

— அதையெல்லாம் அவ பார்த்துக்கிட்டுத்தானே வளர்ந்திருப்பா.

— பார்த்தாளே. பார்த்தும் புத்தி வரலையே!

— அண்ணி, நான் இப்ப சொல்லப்போறதை... இருங்க. எழுந்திரிங்க.

— என்ன?

— எழுந்திரிங்க, சொல்றேன். தண்ணியைப் பாருங்க.

— தண்ணிக்கு என்ன?

— இப்பதான் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. டீ மாதிரி ஆயிடுச்சு பாருங்க. இலையும் குச்சியுமா அடிச்சுக்கிட்டு வருது. மேல எங்கயோ மழை பிடிச்சிருக்கு. பையை எடுங்க. ரொட்டியை விடுங்க, போகட்டும்.

— இங்க வெயில் அடிக்குதே சம்பந்தி!

— இங்க அடிக்கும். வாங்க. ஓட வேண்டாம். ஓடினாதான் விழுவோம். என் பின்னாடியே வாங்க, நான் வைக்கிற இடத்துலயே காலை வைங்க. பேசாம வாங்க.

— சத்தமே மாறிப்போச்சு சம்பந்தி. லாரி வர்ற மாதிரி.

— கேக்குது. நடங்க.

— ...

— நில்லுங்க. நாம தாண்டி வந்த இடம் இதுதான்.

— எங்க? கல்லையே காணோமே!

— கல்லெல்லாம் உள்ள போயிடுச்சு.

— இப்ப என்ன பண்றது? அந்தப் பக்கம் இதோ, எட்டிப்பிடிக்கிற தூரம்தான். முழங்கால் அளவுதான் இருக்கும். கையைக் கோத்துக்கிட்டு விறுவிறுன்னு...

— தாண்டக் கூடாது.

— எனக்கு வீட்டுக்குப் போகணும் சம்பந்தி. இன்னிக்கு நான் சீக்கிரம் போன் பண்ணியாகணும். குச்சியை ஊனிக்கிட்டு ரெண்டே எட்டு.

— அண்ணி, காலை எடுங்க. எடுங்கன்னா எடுங்க! அண்ணி!

— ஆத்தாடி! கால் நிக்கல, இழுக்குது, இழுக்குது சம்பந்தி!

— குச்சியை விட்டுடுங்க! ரெண்டு கையாலயும் என் துப்பட்டாவைப் பிடிங்க! என் முகத்தைப் பாருங்க, தண்ணியைப் பார்க்காதீங்க. அப்படியே உக்காருங்க. உக்காந்து பின்னாடி தள்ளுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். வந்துட்டீங்க. விட்டுடாதீங்க. வந்துட்டீங்க.

— அம்மா...

— ஒண்ணுமில்ல. மூச்சை விடுங்க. மெதுவா.

— குச்சி போயிடுச்சு.

— போகட்டும்.

— கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள காணாமப் போயிடுச்சு சம்பந்தி. அந்த இடத்துல நான் போயிருப்பேன்.

— போகல இல்ல? காலைக் காட்டுங்க. இங்க வலிக்குதா? இங்க? எலும்பு நல்லாத்தான் இருக்கு, சுளுக்கிக்கிச்சு. வாங்க, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அந்த மேட்டுக்குப் போயிடலாம். தண்ணி எவ்வளவு ஏறினாலும் அங்க வராது. என்ன ஆனாலும் சரி, இது வடியற வரைக்கும் நாம தாண்டப்போறதில்ல. புரியுதா?

— புரியுது.

— உக்காருங்க. நான் விசில் அடிக்கிறேன்.

— ... கேக்குமா அவருக்கு?

— கேக்கலன்னாலும் தேடிக்கிட்டு வருவாரு. சொல்லிட்டு வந்திருக்கோமே. ஈரச் சேலையைப் பிழிஞ்சு விட்டுக்கோங்க, குளிர் எடுக்கும். என் ஸ்வெட்டரைப் போட்டுக்கோங்க.

— நீங்க?

— எனக்கு வேண்டாம். போட்டுக்கோங்க.

— உங்களுக்குப் போய் நான் கஷ்டத்தைக் குடுத்தேன் பாருங்க. சரி, நல்ல சேதியை இப்பவே சொல்லிடறேன். வீட்டுக்குத் திரும்பறப்ப சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்தலாம்னு வச்சிருந்தேன். இப்பவே கேளுங்க. பாப்பா ஒத்துக்கிட்டா.

— எதுக்கு?

— திரும்பிப் போறதுக்கு. நேத்து நல்லா டோஸ் குடுத்தேன். உனக்கு இந்த வீட்ல இடமில்ல, புருஷன் இருக்கிற இடம்தான் உன் இடம்னு கறாராச் சொல்லிட்டேன். ராத்திரி பூரா அழுதா. காலையில முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து ‘சரிம்மா, போறேன்’னு சொல்லிட்டா.

— எப்ப போறா?

— இன்னிக்குத்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்னா. இந்நேரம் பஸ் ஏறியிருப்பா.

— என் வீட்டுக்கா? நான் இங்க இருக்கேனே!

— அதுக்குத்தானே உங்களை இங்க கூட்டிட்டு வந்தேன்! நீங்க நடுவுல இருந்தா ரெண்டும் கூச்சப்பட்டுக்கிட்டு முகத்தைத் தூக்கி வச்சுக்கும். தனியா விட்டா பேசித் தீர்த்துக்கும்னு மாப்பிள்ளைக்கும் நானே போன் போட்டு லீவு போட்டு வீட்ல இருங்கன்னு சொன்னேன். ‘சரி அத்தை, அவளை அனுப்புங்க, நான் பார்த்துக்கிறேன்’னாரு. எவ்வளவு பதவிசாப் பேசினாரு தெரியுமா? ... என்ன சம்பந்தி? எதுக்கு எழுந்திருக்கீங்க? செருப்பை எதுக்குக் கழட்டறீங்க?

— நான் அந்தப் பக்கம் போகணும்.

— நீங்கதானே தாண்டக் கூடாதுன்னீங்க?

— கையை விடுங்க அண்ணி.

— விட மாட்டேன். பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? அந்தக் குச்சி போனதைப் பார்த்தீங்கல்ல?

— அவ உள்ள போறதுக்கு முன்னாடி நான் போன் பண்ணணும். சிக்னல் கேட்லதான் கிடைக்கும். விடுங்க!

— எதுக்குன்னு சொல்லுங்க, விடறேன். அவ அவ வீட்டுக்குத்தானே போறா?

— அவளைப் போகச் சொன்னதே நான்தான்!

— என்ன சொன்னீங்க?

— உங்க பொண்ணை அந்த வீட்டை விட்டுப் போன்னு சொன்னது நான். அவன் ஆபீஸ் போனதும் மாடிக்குப் போய்த் துணியை மடிச்சுப் பையில வச்சதும் நான்தான். ஆட்டோவைக் கூப்பிட்டு அவளை ஏத்திவிட்டேன்.

— நீங்களா?

— உக்காருங்க, சொல்றேன். என் கையை விடாதீங்க, இப்ப விட்டா நான் தண்ணியில இறங்கிடுவேன்... போன்ல கத்தறவங்களைப் பத்தி எனக்கு எப்பவும் அவ்வளவா பயம் கிடையாது அண்ணி. கத்தறதுக்கு அவங்களுக்கு வழி இருக்கு. பயம் யாரைப் பார்த்துன்னா, மெதுவாப் பேசறவங்க. தப்பான நம்பர் மாதிரி பேசுவாங்க. தோழிகிட்ட பேசற மாதிரி, ‘ஆமாடி, நல்லா இருக்கேன், ஒண்ணுமில்ல’ம்பாங்க. பக்கத்துல ஒருத்தன் நிக்கிறான்னு அந்தக் குரல்லயே தெரிஞ்சுடும். உடனே வண்டியை அனுப்பிடுவேன். ரிட்டயர் ஆனதும் அந்தக் குரலை மறந்துட்டேன்னு நினைச்சேன். ஒரு நாள் சமையலறையில நிக்கிறேன். மாடியிலிருந்து கேக்குது. ‘ஒண்ணுமில்லங்க, ஒண்ணுமில்லங்க, தப்புத்தான்.’ அதே குரல், என் வீட்ல.

— மாப்பிள்ளையா? அவரு சத்தமே போட மாட்டாரே சம்பந்தி!

— மாட்டான். சத்தமே இருக்காது. ரேடியோவை வச்சுட்டு, கதவைச் சாத்திட்டு. முழுக்கைச் சட்டையாவே போடறாளே, வெயில் காலத்துல, அதை நீங்க பார்த்தீங்களோ என்னவோ.

— குளிருதும்மான்னா.

— அவனைப் பெத்தவ நான் அண்ணி. பால் குடுத்தவ. அவன்கிட்ட பேசிப் பார்த்தேன். ‘உங்களுக்கு எல்லாமே எமர்ஜென்சிதாம்மா’ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு, இவன் மாற மாட்டான்னு. மறுநாள்தான் அவளைப் போன்னு சொன்னேன்.

— எங்கிட்ட ஏன் சொல்லல? பெத்தவ நான்தானே இருக்கேன்? அவ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

— ‘எங்க அம்மா எவ்வளவோ தாங்கினவங்க அத்தை. இதைப் போய்ச் சொன்னா, இதுக்கேவான்னு கேட்டுடுவாங்க’ன்னா. நீங்களும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அப்படியும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் வந்தேன். ஏறும்போதே வாய் வரைக்கும் வந்துச்சு. என் பிள்ளையைப் பத்தி நானே எப்படி ஆரம்பிக்கிறதுன்னு...

— ‘அனுப்புங்க, நான் பார்த்துக்கிறேன்’னாரே சம்பந்தி. அவர் அப்படித்தானே சொன்னாரு? ஐயோ, நான் அவளை என் கையாலயே... வழியை விடுங்க. நான் போறேன்.

— உங்க கால் நிக்காது.

— நிக்காட்டிப் போகுது!

— அண்ணி! நாம ரெண்டு பேரும் இந்தத் தண்ணியில போயிட்டா அவளுக்கு அப்புறம் யாரு இருக்கா? ... இருங்க. கேட்டுச்சா? விசில்! அந்தப் பக்கத்திலிருந்து!

— தம்பி! தம்பி! இங்க இருக்கோம்! கார்டு தம்பி!

— அம்மா! இறங்காதீங்க! அங்கயே இருங்க! மேல மழை நின்னுடுச்சு, கொஞ்ச நேரத்துல வடிஞ்சுடும்! யாருக்காவது அடிபட்டிருக்கா?

— சம்பந்தி, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் பதட்டப்படாம பேச வரும்.

— எனக்கு... எனக்குக் குரல் வரல அண்ணி. நீங்க சொல்லுங்க. தண்ணிச் சத்தத்தைத் தாண்டிக் கேக்கணும்.

— தம்பி! எங்களை விடு! உன்கிட்ட வயர்லெஸ் இருக்கா?

— இருக்கும்மா! கேட்ல எங்க ஆளு இருக்காங்க!

— நான் ஒரு நம்பர் சொல்றேன்! என் பொண்ணு நம்பர்! உடனே போன் பண்ணச் சொல்லு! உசுரு போற விஷயம்!

— சொல்லுங்கம்மா! மெதுவா, ஒவ்வொண்ணா!

— ஒம்போது, எட்டு, நாலு... அவ்வளவுதான்! எழுதிக்கிட்டியா தம்பி?

— எழுதிக்கிட்டேன்! என்ன சொல்லணும்?

— அந்த வீட்டுக்குப் போகாதேன்னு சொல்லு! அம்மாவுக்கு எல்லாம் தெரிஞ்சுடுச்சு, நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துடுன்னு சொல்லு!

— சொல்றேன்! இருங்க!

— சம்பந்தி, எடுப்பாளா? புது நம்பர்னா எடுக்கவே மாட்டா.

— எடுப்பா அண்ணி. நம்ம ரெண்டு பேர் போனும் கிடைக்காத நாள் இது. அவ போனையே பார்த்துக்கிட்டுத்தான் இருப்பா.

— அம்மா! எடுத்துடுச்சு! பஸ்ல போயிக்கிட்டு இருக்காம்!

— இறங்கச் சொல்லு! அடுத்த ஸ்டாப்பிங்கிலேயே இறங்கச் சொல்லு தம்பி!

— சொல்லிட்டாங்கம்மா! இறங்க மாட்டேங்குது!

— ஏனாம்?

— ‘எங்க அம்மா இப்படிச் சொல்லவே மாட்டாங்க. யாருங்க நீங்க, எதுக்குப் பொய் சொல்றீங்க’ன்னு கேக்குதாம்! போனை வைக்கப் போகுதாம்! என்னம்மா சொல்றது?

— அண்ணி. அண்ணி, சீக்கிரம் ஏதாவது சொல்லுங்க.

— தம்பி! அம்மா சொன்னாங்கன்னு சொல்லாதே! அத்தை சொன்னாங்கன்னு சொல்லு! அவங்க அத்தை!

— அண்ணி...

— என் தோளை விடாதீங்க சம்பந்தி. அப்படியே பிடிச்சுக்கோங்க.

— அம்மா! கேக்குதா? ‘அத்தை’ன்னு சொன்ன உடனே இறங்கிடுச்சாம்!